தாவ் அக்காவும் வெள்ளைத் தாளும்

தூரிகையை மையில் தோய்த்து, தட்டின் விளிம்பில் நுனியை ஒருமுறை வழித்துவிட்டு, அதை உயரப் பிடித்தபடி மேசைகளுக்கு நடுவே உலாத்திக்கொண்டிருக்கிறார் தாவ் அக்கா. தன் மேசைக்குத் திரும்பும் உத்தேசம் அவருக்கு இல்லை. அங்கே காலையில் விரித்த தாள் விரித்தபடியே வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. வகுப்பில் யாராவது ஒருவர் "ஐயோ" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த நடை.

ருவான் அம்மாள் சொல்லிவிட்டார். மூங்கிலுக்கு இலை போடும் நேரம் பார்த்துத் தும்மல் வந்து, தூரிகை தாளின் மேல் குந்திவிட்டது. கட்டைவிரல் அளவுக்குக் கறை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நாலா பக்கமும் ஊறிக்கொண்டிருந்தது.

"கெட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா வந்து சேர்ந்துவிட்டார். கல்யாணச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது மாதிரி முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "அழாதீங்க. தள்ளுங்க."

ருவான் அம்மாள் தள்ளினார். கறைக்கு மேலே இரண்டு புள்ளி, பின்னால் மடக்கிய கால் ஒன்று, முன்னால் சின்னதாக ஒரு வளைவு. அவ்வளவுதான் அக்கா செய்தது. மூங்கிலடியில் மழைக்கு ஒதுங்கிய தவளை ஒன்று எங்களை முறைத்துக்கொண்டிருந்தது.

"இத நான் போட்டேன்னா என் மருமக நம்புவாளா?"

"தும்மினது நீங்கதானே? அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு, அக்கா அடுத்த மேசைப் பக்கம் கண்ணை ஓட்டினார்.

எங்கள் ஊர் முதியோர் கல்லூரியின் மை ஓவிய வகுப்பு வாய்க்காலை ஒட்டிய பழைய கட்டடத்தில் மாடியில் நடக்கிறது. மை வாசனையும், யாராவது டப்பாவில் கொண்டுவரும் வேகவைத்த அவரைக்கொட்டை வாசனையும் கலந்த அறை. நாங்கள் வரைவது மையைக் குடிக்கிற தாளில். அழிக்க முடியாது, சுரண்ட முடியாது, மேலே வெள்ளை பூசி மறைக்கவும் முடியாது. வைத்த கோடு வைத்ததுதான். "ஒரு மூச்சுல ஒரு கோடு. குருவிய முழுசாப் பாத்து முடிங்க, அப்புறம் பிரஷைத் தொடுங்க. பாதி வரைஞ்சிட்டு நிமிர்ந்து பாத்தா அது அங்க இருக்காது" என்பார் குவான் வாத்தியார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாங்களோ ஓய்வு பெற்ற கூட்டம். மூச்சைப் பிடித்து, முகம் சிவந்து, கை தாளுக்குப் போவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது. என் நண்டுகளைச் சிலந்தி என்று சொல்லாத ஆள் இல்லை. அக்கா கை வைத்த பிறகுதான் அவை நண்டாகும். என் வீட்டுச் சுவரில் தொங்குகிற படங்களில் மூலையில் குத்திய பெயர் முத்திரை மட்டும்தான் என்னுடையது.

அக்காவுக்கு இந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. பட்டுத்துணி ஆலையில், பழுது பார்க்கும் மேசையில் வேலை செய்தவர். தறியிலிருந்து வரும் துணி அவர் முன்னால் ஓடும். இழை விட்ட இடம், எண்ணெய் பட்ட இடம், சாயம் திட்டான இடம் கண்ணில் பட்டால் நிறுத்தி, இழை கோத்து மறைத்து அனுப்ப வேண்டும். பழுதில்லாத துணி தன்பாட்டுக்கு ஓடிப்போகும், அதை ஏறிட்டும் பார்க்க வேண்டியதில்லை. ஆலையை விட்டு வந்து வெகு காலம் ஆகிவிட்டது, கண் மட்டும் இன்னும் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. எந்த விருந்துக்குப் போனாலும் மற்றவர்கள் மீன் எவ்வளவு பெரிது என்று பார்ப்பார்கள். அக்கா மேசை விரிப்பில் சோயா சாறு சிந்திய இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய கணவர் யே அண்ணன், வாய்க்காலில் சரக்குப் படகு ஓட்டியவர், இதை வேறு மாதிரி சொல்வார். "பொண்ணு பாக்கப் போனப்போ என் சட்டையில ரெண்டு பட்டன் இல்ல. அவ அதையே பாத்துட்டு இருந்தா. ஆகா, நம்மளத்தான் பாக்கறான்னு நெனச்சேன். கல்யாணம் ஆச்சு, பட்டன் தச்சா. அதோட சரி, அப்புறம் திரும்பிக்கூடப் பாக்கல." அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "வேற எதாவது கிழிஞ்சா சொல்லுங்க, பாக்கறேன்." அவர்கள் மாடியில், நான் கீழ்வீட்டில். இந்த மாதிரிப் பேச்சுக்குக் காது கொடுப்பதற்காகவே நான் சன்னலைத் திறந்து வைத்திருப்பேன்.

காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அக்கா ஊர் வம்பை விலைக்கு வாங்கியதும் உண்டு. எங்கள் வகுப்புத் தலைவர் பியன், தானியக் கிடங்கு அதிகாரியாக இருந்தவர், இன்னமும் சட்டைப்பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு வருகிறவர். ஒருநாள் பாறைமேல் உட்கார்ந்த கழுகு ஒன்றை வரைந்து முடித்துவிட்டு, முத்திரை எடுக்க அலமாரிக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் பாறையைச் சுற்றி ஐந்தாறு குஞ்சுகள். கழுகு கொண்டை வைத்த கோழியாகி, ஒரு புழுவைக் கண்டுபிடித்த திருப்தியில் இருந்தது.

"யாரு பண்ணது இது?"

"நான்தான். ரொம்பக் கெட்டுப்போச்சு போலிருக்கேன்னு பாத்தேன்."

"கெடல. அது கழுகு."

அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரிடம் துளிக் கேலி கிடையாது, நிஜமாகவே தேடினார். கடைசியில், "எந்த இடத்துல?" என்று கேட்டார். பியன் அந்த மாதம் முழுக்க அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கோழிப் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் புகழ்கிறார்கள், அவரும் மறுப்பதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, இந்த அம்மாள் கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தால் என்னவெல்லாம் வரும் என்று யாருக்கும் தோன்றும். ஒன்றும் வராது. வெள்ளைத் தாளில் தாவ் அக்காவால் ஒரு கோடு போட முடியாது. இத்தனை வருஷத்தில் ஒரு புல்லைக்கூட அவர் தானாகத் தொடங்கியதில்லை. தாளை விரிப்பார், தாள் சுருளாமல் இருக்க இரும்புக் கட்டைகளை இரண்டு ஓரத்திலும் வைப்பார், மை ஊற்றுவார், உட்கார்ந்து பார்ப்பார். பிறகு எழுந்து உலாத்தப் போய்விடுவார்.

"அக்கா, எதையாவது போடுங்களேன். ஒரு கல்லு. ஒரு கல்லுல என்ன கஷ்டம்?" என்று குவான் வாத்தியார் கெஞ்சியிருக்கிறார்.

"நல்லாத்தானே இருக்கு, வாத்தியாரே," என்பார் அக்கா, தாளைக் காட்டி. "இதுல நான் என்ன பண்ண?"

தானே ஒரு சொட்டு விட்டுக்கொண்டு தொடங்கலாமே என்று நான் யோசனை சொன்னேன். செய்து பார்த்தார். சரிப்படவில்லை. தன் உள்ளங்காலைத் தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்கிற கதைதான். "நானே போட்டா அது எப்படிடா தப்பாகும்? ஏமாத்து வேலை. கைக்குத் தெரிஞ்சிடுது" என்றார்.

அதனால் வீட்டில் வரைவதற்கு அவருக்கு ஆள் தேவைப்பட்டது. யே அண்ணன் மீன் பிடிக்கத் தூண்டிலோடு கிளம்பும்போது வாசலில் மறித்து, கையில் தூரிகையைக் கொடுத்து, "ஒரு சொட்டு விட்டுட்டுப் போங்க" என்பார். அண்ணன் நிதானமான மனிதர். படகைத் துறையில் அணைக்கிற பொறுமையோடு குறிபார்த்து, தாளின் நட்டநடுவில் ஒரு சொட்டு வைப்பார்.

"நடுவுல வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? எந்தத் தப்பாவது நடுவுல விழுமா?"

"தப்பு பண்ணச் சொன்ன, பண்ணேன். தப்பையும் சரியாப் பண்ணணும்னா நான் எங்க போவேன்?"

மின்சார மீட்டர் பார்க்க வந்தவன், எரிவாயு உருளை தூக்கி வந்தவன், தேர்தல் சீட்டு கொடுக்க வந்த பெண் என்று எல்லாரும் அக்காவின் தாளைக் கெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எரிவாயுக்காரன் கைரேகையோடு வைத்த கரி அப்பல், வால் தூக்கிய வாலாட்டிக் குருவியாகி, இப்போது மாடிப்படித் திருப்பத்தில் தொங்குகிறது. ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் குருவி பறந்துவிடுமோ என்று எனக்குத் தோன்றும். அவ்வளவு உயிர்.

போன மே மாதம் வகுப்பு முழுக்க ஏரிக்கரைக்குப் போனது. இயற்கையோடு ஒட்டி உட்கார்ந்து வரைய வேண்டும் என்பது வாத்தியாரின் ஆசை. நாங்கள் இயற்கையோடு ஒட்டி உட்கார்ந்து, கொண்டுபோன சோற்று உருண்டைகளைப் பிரித்துச் சாப்பிட்டோம். அக்கா ஒரு முசுக்கட்டை மரத்தடியில் வெள்ளைத் தாளோடு தனியாக உட்கார்ந்திருந்தார். பாவம், யாராவது போய்த் துணைக்கு இருப்போமா என்று பேசிக்கொண்டிருந்தபோது அங்கிருந்து ஒரு கூச்சல். மரத்தில் பழம் தின்ற ஏதோ ஒரு பறவை, தாளின் மேல்மூலையில் ஊதா நிறத்தில் எச்சமிட்டிருந்தது. நாங்கள் காகிதத்தால் துடைக்க ஓடினோம். அக்கா அதற்குள் குனிந்து, அந்த ஊதாவிலிருந்து ஒரு கொப்பை இழுத்து, இரண்டு இலை போட்டு, பழத்தை எட்டிப் பார்க்கும் ஒரு பறவையையும் உட்கார வைத்துவிட்டார். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்து, "இன்னொண்ணு போடறியா?" என்று கேட்டார்.

எல்லாம் இப்படியே போயிருக்கும். ஆனால் கல்லூரியில் இடம் கேட்டு வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது. சேர்ந்தவர்கள் யாரும் வெளியேற மறுத்தால் புதியவர்கள் எங்கே போவார்கள்? இந்த ஆண்டு அலுவலகம் ஒரு விதி கொண்டுவந்தது. கீழ்வகுப்பில் நெடுநாள் இருப்பவர்கள் மேல்வகுப்புக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். மேல்வகுப்புக்கு ஒரு சின்னச் சோதனை. வெற்றுத் தாள் கொடுப்பார்கள், எல்லார் முன்னாலும் வரைய வேண்டும். குவான் வாத்தியார் அலுவலகத்தோடு மல்லுக்கட்டி அதை முடிந்தவரை இளக்கிக்கொண்டு வந்தார். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, முதல் கோடு அவரவர் கையால் விழுந்தால் போதும். மற்றவர்களுக்கெல்லாம் அது ஒரு விஷயமே இல்லை. ஒரே ஒருவருக்குத்தான் அதுவே எல்லாம்.

அக்கா அறிவிப்பைப் படித்துவிட்டு, தூரிகையைக் கழுவிச் சுருட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். மறுநாள் யே அண்ணன் தூண்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றார். "வீட்ல இருந்தா இவளுக்கு நான் ஒருத்தன்தான் மிச்சம். எங்கிட்ட சரி பண்றதுக்கு இனிமே ஒண்ணுமில்ல, எல்லாம் முடிச்சிட்டா. அந்த வகுப்பு இல்லன்னா கஷ்டம்ப்பா" என்றார். சிரிக்க முயன்றார், சரியாக வரவில்லை.

வகுப்புக்கும் கவலைதான். அதில் பாதி அன்பு, மீதி சுயநலம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அக்கா இல்லாவிட்டால் எங்கள் படங்களின் கதி என்ன? அவருக்குத் தெரியாமல் கூட்டம் போட்டோம். தலைமை தாங்கியது வேறு யாருமில்லை, பியன்.

"அந்தக் கோழிய நான் மறக்கல. மறக்கவும் மாட்டேன். ஆனா அந்தம்மா போயிட்டா என் கழுகெல்லாம் கழுகாவே கெடக்கும். அது நல்லதில்ல" என்றார். எல்லாரும் தலையாட்டினோம்.

திட்டம் எளிமையானது. சோதனையின்போது யாராவது தெரியாத்தனமாக அக்காவின் தாளில் ஒரு சொட்டு மை சிந்திவிட வேண்டும். மீதியை அவர் கை பார்த்துக்கொள்ளும். நான் போன வருஷம் சேர்ந்தவன், எனக்குச் சோதனை இல்லை. ஆகவே தண்ணீர் மாற்றிக் கொடுக்கும் சாக்கில் நடமாடப்போவது நான்தான் என்று முடிவாயிற்று. "இவன்கிட்ட குடுங்க, இவன் வேணும்னு பண்ணான்னு யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. வழக்கமாவே சிந்தறவன்" என்றார் ருவான் அம்மாள்.

சோதனை நாளன்று மாடி அறை புழுங்கித் தள்ளியது. செடி கொடியை வரையப் போகிறவர்களுக்குச் சுவர் எதற்கு என்று வாத்தியார் எல்லாரையும் பின்கட்டு முற்றத்துக்கு இறக்கிவிட்டார். முந்தின இரவு பெய்த மழையில் தரை இன்னும் ஈரம். மதில் ஓரமாகக் கல்லூரிச் சமையற்காரர் கயிறு கட்டிப் பீர்க்கங்கொடி ஏற்றியிருந்தார். அக்காவுக்கு அதையொட்டிய மேசை. அன்றைக்கென்று வெளிர்நீலத்தில் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். அலுவலகத்து அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு, "பேசக் கூடாது, எடத்த விட்டு எழுந்திரிக்கக் கூடாது" என்று சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மற்றவர்கள் மளமளவென்று தொடங்கினார்கள். பியன் கழுகுதான் வரைந்தார். ருவான் அம்மாள் தும்மாமல் மூங்கில் போட்டார். அக்கா தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தூரிகையை எடுத்தார், வைத்தார். தாளில் ஏதாவது குற்றம் தென்படாதா என்று விரலால் தடவினார். அருமையான தாள், ஒரு குற்றமும் இல்லை. தூரிகையை மறுபடி எடுத்துத் தாளுக்கு மேலே பிடித்தார், இறக்கவில்லை. எத்தனை பேருடைய தாளில் இந்தக் கை தயங்காமல் இறங்கியிருக்கிறது.

மற்றவர்கள் முடித்துவிட்டுத் தூரிகை கழுவத் தொடங்கினார்கள். பியன் என்னைப் பார்த்து இருமினார். நான் தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு கையிலும், கொழகொழவென்று மை தோய்த்த தூரிகையை மறு கையிலும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பாதி வழியில் அக்கா தலையை நிமிர்த்துவதைப் பார்த்தேன். என்னைப் பார்க்கவில்லை, மதிலைப் பார்த்தார். இரவு மழையில் ஒரு கயிறு அறுந்து தொங்கியது. அதில் ஏறியிருந்த கொடியின் நுனி காற்றில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. சுருள் இழை இந்தப் பக்கம் நீண்டது, அந்தப் பக்கம் நீண்டது, எதுவும் அகப்படவில்லை.

"ஐயோ, பிடிச்சுக்க ஒண்ணுமில்லாம தடவுது பாருங்க" என்றார் அக்கா.

"பேசக் கூடாது" என்றார் அலுவலகத்து அம்மா.

அக்கா பாதி எழுந்துவிட்டார். எழுந்திருக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தார். கொடியைப் பார்த்தார், சுற்றுமுற்றும் ஒரு குச்சி தேடினார், கிடைக்கவில்லை. மறுபடி கொடியைப் பார்த்தார். பிறகு கை தாளுக்குப் போனது. கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு, நடுவில் கணுவுக்கு மட்டும் ஒரு கணம் நின்று, மேலே மெலிந்து முடிகிற ஒரு மூங்கில் கோல். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. அதே வேகத்தில் மெல்லிய இழை ஒன்று ஓரத்திலிருந்து வந்து, கோலைத் தொட்டு, ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. வேறு எதுவும் இல்லை. தாளின் மீதி இடம் முழுக்க வெள்ளை.

குவான் வாத்தியார் வாயைத் திறந்தவர் மூடவில்லை. நானும் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன், ஆனால் பார்த்தது புத்திக்கு எட்டுவதற்குள் என் கால்கள் என்னை மேசைக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டன, கை அதன் பாட்டுக்குத் தாளின் மேல் நீண்டது. தூரிகை நுனியில் சொட்டு திரண்டு தொங்கியது.

"வராதே தம்பி" என்றார் அக்கா. குனிந்து, இரண்டு கைகளையும் அகல விரித்து, தாளைத் தொடாமல் அதன் மேல் கவிந்துகொண்டார். சொட்டு அவருடைய புதுச்சட்டையின் கையில் விழுந்து, முழங்கை வரை கறுப்பாக ஊறியது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாளில் மை காயும் வரைக்கும் அப்படியே கவிந்திருந்தார்.